நகரும் பொருளின் நோட்டீஸ் காலம்

நூர் முகமது ராஜினாமா கடிதம் கொடுத்த அன்று அவன் மனைவி சபீனாவுக்கு ஐந்தாவது மாதம் முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. 2005, ஜூன் பதினான்கு. கம்பெனியின் நோட்டீஸ் காலம் தொண்ணூறு நாள். செகந்திராபாத்துக்கு அருகே ராமந்தாப்பூரில், வாடகை வீட்டின் சமையலறைக் காலண்டரில் விரல் வைத்து எண்ணினான். செப்டம்பர் பன்னிரண்டில் வெளியே வந்துவிடலாம். பிரசவத்துக்கு டாக்டர் சொன்ன தேதி அக்டோபர் பதினான்கு.

"முழுசா முப்பத்திரண்டு நாள் மிச்சம் இருக்கு," என்றான்.

"உங்க கம்பெனிக் கணக்கை நம்பாதீங்க மச்சான். என் வயித்துக் கணக்குதான் கணக்கு. அது யாருக்காகவும் நிக்காது," என்றாள் சபீனா.

கணக்கில் அவள் கெட்டி. நாச்சாரத்தில் ஒரு மாத்திரைக் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. புதிய மாத்திரைகளை நாற்பது டிகிரி சூட்டுப் பெட்டியில் ஆறு மாதம் அடைத்து வைத்து, இரண்டு வருஷத்தில் கெட்டுப்போக வேண்டியது எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்ப்பாள். அதை வைத்துத்தான் அட்டையில் காலாவதித் தேதி அச்சாகும். தேதியில் ஓர் எண் தப்பினால் மொத்தச் சரக்கையும் கொளுத்திவிடுவார்கள். அதனால் எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் அவள் கண் முதலில் தேதிக்குத்தான் போகும்.

நூருக்கு வெளியே வர வேண்டிய காரணம் ஒன்றுதான். குழந்தை பிறந்ததும் அதன் வலது காதில், தொழுகைக்கு அழைக்கும் பாங்கைத் தகப்பன் சொல்ல வேண்டும். அது கேட்கிற முதல் சொற்கள் அவையாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகும் பகலில் விழித்திருக்கிற தகப்பனாக இருக்க வேண்டும். அபிட்ஸில் பாடப்புத்தகம் அச்சிடும் நிறுவனம் ஒன்று அவனுக்குப் பகல் வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. கேட்டது இரண்டு: பழைய கம்பெனியின் விடுவிப்புக் கடிதம், பட்டத்தின் அசல். பட்டம் கம்பெனியின் இரும்பு பீரோவில் இருந்தது. வேலைக்குச் சேரும்போது பாதுகாப்புக்காக என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். யாரிடமிருந்து பாதுகாப்பு என்று அப்போது அவன் கேட்கவில்லை. உத்தமபாளையத்தில் அவன் குடும்பத்துக்கே அது முதல் பட்டம். பி.எஸ்ஸி. இயற்பியல்.

கம்பெனியின் பெயர் டைம்லி டெக்ஸ்ட் சொல்யூஷன்ஸ். உப்பலில் நான்கு மாடி. ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்பு ஒட்டுத்தாள். உள்ளே முந்நூறு பேர் இரவு முழுக்க அமெரிக்காவின் பழைய விண்வெளிக் கதைப் பத்திரிகைகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கதைகள் அநேகமாக ஒரே மாதிரி. ஒருவன் ஒளியின் வேகத்தை ஒட்டிப் பறக்கிற கப்பலில் ஏறிப் போவான். கப்பலுக்குள் இரண்டு வருஷம் ஆகும். திரும்பி வந்தால் பூமியில் இருநூறு வருஷம் ஆகியிருக்கும். மனைவியின் கல்லறையை எங்கே என்று விசாரிப்பான். கதைகளில் நேரம் குறிப்பிடப்படும் இடங்களிலெல்லாம் அது கப்பல் நேரமா பூமி நேரமா என்று குறி போட வேண்டும் என்பது அமெரிக்க வாடிக்கையாளரின் கட்டளை. பத்தாயிரம் எழுத்துக்கு ஒரு பிழைக்கு மேல் கூடாது. நூர் மாதத்துக்கு ஒரு பிழை விடுவான். அதையும் அவனே போய்ச் சொல்லிவிடுவான்.

ராஜினாமா கொடுத்த இரண்டாவது வாரம், மனிதவளத் துறைத் தலைவர் வைத்தியநாதன் எல்லோரையும் மொட்டை மாடிக்குக் கூப்பிட்டார். கதை எதையும் அவர் படித்ததில்லை. வாடிக்கையாளர் அனுப்பிய ஆறு பக்கச் சொல்விளக்கத்தை மட்டும் படித்திருந்தார். அது போதுமானதாக இருந்தது.

"நண்பர்களே, இதுவரைக்கும் நாம அமெரிக்காவுக்கு வேலை செஞ்சிண்டு இந்தியாவுல இருந்தோம். இது பெரிய முரண்பாடு. இன்னிலேர்ந்து இந்தக் கட்டடம் ஒரு கப்பல். உள்ள ஓடறது கப்பல் நேரம். வெளியில இருக்கறது வெறும் பூமி. பூமியில மணி என்னன்னு கப்பல்காரன் கேக்க மாட்டான். கேட்டா அவன் மனசு வேலையில இல்லைன்னு அர்த்தம். உங்க வருகைப் பதிவு, விடுப்பு, சர்வீஸ் எல்லாமே இனிமே கப்பல் நேரத்துலதான். சந்தேகம் இருந்தா கேக்கலாம். ஆனா கேக்கற நேரம் கப்பல் நேரத்துல சேராது."

கீழே வரவேற்பறையில் சிவப்பு எண்கள் ஓடும் கடிகாரம் ஒன்றை மாட்டியிருந்தார்கள். அதற்கு மஞ்சள், குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, வைத்தியநாதன் தேங்காய் உடைத்தார். விரல் தட்டச்சுப் பலகையில் இருக்கும்போது மட்டும் கப்பல் நேரம் ஓடும். டீ குடிக்கப் போனால் நிற்கும். கழிப்பறைக்குப் போனால் நிற்கும். தும்மினால் ஓடும், மூக்குத் துடைத்தால் நிற்கும். கடிகாரம் அன்றைக்கே நாற்பது நிமிஷம் பின்தங்கியது. அது கோளாறு அல்ல, கொள்கை என்று விளக்கினார்கள். வாசலில் காவலாளி எவர்சில்வர் தட்டு ஒன்றை நீட்டினான். எல்லோரும் கைக்கடிகாரத்தைக் கழற்றி அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தட்டில் 'பூமி' என்று எழுதி ஒட்டியிருந்தது.

நூர் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தொண்ணூறு நாள் கழிய வேண்டும், அவ்வளவுதான். செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி ஒரு டப்பா உஸ்மானியா பிஸ்கட் வாங்கிக்கொண்டு மனிதவளத் துறைக்குப் போனான். அங்கே பத்மப்ரியா உட்கார்ந்திருந்தாள். கோயம்புத்தூர்ப் பெண். யாரையும் மனம் நோக விடமாட்டாள். அதற்காகவே அவளை அந்த நாற்காலியில் வைத்திருந்தார்கள்.

"எதுக்குங்ணா பிஸ்கட்டு?"

"இன்னைக்குத் தொண்ணூறாவது நாள்மா. கடைசி நாள்."

அவள் திரையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். பரிதாபப்பட்டாள்.

"அறுபத்தொண்ணுதாங்ணா ஆயிருக்குது."

"கப்பல் நேரத்துலயா? மத்தவங்களுக்கெல்லாம் எண்பது காட்டுதேம்மா."

"அவங்கெல்லாம் நிக்கறவங்கங்ணா. நீங்க நகர்றவரு," என்றாள். ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு, வைத்தியநாதனின் அறைக் கதவைத் திறந்துவிட்டாள்.

வைத்தியநாதன் எழுந்து கை கொடுத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார். சொல்விளக்கத்தின் நான்காம் பக்கத்தைத் திருப்பி வைத்தார்.

"நகரும் பொருளோட கடிகாரம் மெதுவா ஓடும். இது நான் சொல்றதில்லை, பிரபஞ்சம் சொல்றது. கம்பெனியில இருக்கறவா எல்லாம் கம்பெனியைப் பொறுத்தவரை நிக்கறா. ராஜினாமா குடுத்தவர் கம்பெனியை விட்டு விலகிப் போயிண்டிருக்கார். அதாவது நகர்றார். உங்களுக்கு நேரம் மெதுவாத்தான் போகும், நூர். உங்களை நாங்க பிடிச்சு வெக்கலை. இயற்பியல் பிடிச்சு வெச்சிருக்கு."

"சார், நான் இயற்பியல்தான் படிச்சேன். என் பக்கத்துல இருந்து பார்த்தா நீங்கதான் நகர்றீங்க. உங்க கடிகாரம்தான் மெதுவா ஓடணும்."

வைத்தியநாதன் வருத்தத்துடன் சிரித்தார். "இதான் பிரச்சினை. நீங்க உங்க பக்கத்துல இருந்து பாக்கறேள். என் பக்கத்துல இருந்து பாக்கப் பழகணும். டீம் ஸ்பிரிட்னா அதுதான்."

"மீதி இருபத்தொம்பது நாள் எப்ப சார் முடியும்?"

"தொண்ணூறை நெருங்க நெருங்க உங்களுக்குப் போகணும்கற ஆர்வம் கூடும். ஆர்வம் கூடினா வேகம் கூடும். வேகம் கூடினா கடிகாரம் இன்னும் மெதுவாகும். பொறுமை வேணும். பதட்டப்பட்டேள்னா அது உங்களுக்கேதான் நஷ்டம்."

அறையை விட்டு வெளியே வந்தபோது பத்மப்ரியா ஆரஞ்சு நிறத்தில் ஒரு வில்லையை அவன் சட்டையில் குத்திவிட்டாள். 'நகரும் பொருள்' என்று அதில் போட்டிருந்தது. மீதி பிஸ்கட்டை அவன் பக்கத்து இருக்கை இர்பானிடம் கொடுத்தான். இர்பான் மலக்பேட்காரன், தாய் ஆம்பூர். தமிழையும் தக்கனி உருதுவையும் ஒரே வாயில் போட்டு மெல்லுவான்.

"தொண்ணூறு ஆவலையா? கைக்கு மியா, எதுக்கு இந்த டென்ஷன்? எங்க மாமூ ரிட்டயர் ஆயி நாலு வருஷம். பென்ஷன் ஆபீஸ் கணக்குல இன்னும் பொறக்கவேயில்ல. நீ அறுபத்தொண்ணு வரைக்கும் பொறந்துட்டியே," என்றான்.

அந்த வாரமே பாலா என்ற இன்னொரு நகரும் பொருள் காத்திருக்க மாட்டேன் என்று கிளம்பிப் போனான். ஒரு மாலை கைக்கடிகாரத்தைத் தட்டில் போடாமல் அப்படியே திரும்பி நடந்துவிட்டான். கடிதம், சான்றிதழ் எதுவும் வேண்டாம் என்றான். இப்படிப் போகிறவர்களுக்கு எல்லாக் கம்பெனிகளிலும் 'அப்ஸ்காண்டிங்' என்று ஒரு வார்த்தை உண்டு, தலைமறைவு என்று பொருள். வைத்தியநாதன் அதை மாற்றிவிட்டார். அறிவிப்புப் பலகையில் 'ஒளியை மிஞ்சியவர்' என்று பாலாவின் படம் வந்தது.

பாலா மாதாப்பூரில் ஒரு வேலையில் சேர்ந்தான். ஒரு மாதம் கழித்து அந்தக் கம்பெனி, இவர் உங்களிடம் வேலை செய்தாரா என்று கேட்டு எழுதியது. ஒளியை மிஞ்சினால் கிளம்பும் முன்பே போய்ச் சேர்ந்துவிடலாம் என்று சொல்விளக்கத்தின் ஐந்தாம் பக்கத்தில் இருந்தது. எனவே டைம்லி டெக்ஸ்ட் உண்மையைப் பதிலாக எழுதியது: 'மேற்படி நபர் இன்னும் எங்களிடம் சேரவில்லை.' பாலாவை அன்றே வெளியே அனுப்பினார்கள். பீரோவில் கிடந்த சான்றிதழ் இல்லாமல் வேறு எங்கும் அவனுக்குக் கதவு திறக்கவில்லை. டிசம்பரில் உப்பலுக்கே திரும்பி வந்து, அனுபவமில்லாத புது ஆள் என்று படிவம் நிரப்பி, நேர்முகத் தேர்வில் தேறினான். வைத்தியநாதன் அவனுக்கு மாலை போட்டார். "சேரலைன்னு அன்னிக்கே சொன்னேனோல்லியோ," என்றார்.

ஆனால் அது டிசம்பரில். அதற்கு முன்னால் அக்டோபர் பதினான்கு வந்தது.

சபீனாவின் வயிற்றுக் கணக்கு ஒரு நாள் கூடத் தப்பவில்லை. வாசலில் கூப்பிட்டு அனுப்பினார்கள் என்று நூர் ஓடினான். காவலாளியின் மேசையில் இருந்த தொலைபேசியில் பக்கத்து வீட்டு உஷா பேசினாள்.

"வலி எடுத்துருச்சு. ராமந்தாப்பூர் நர்ஸிங் ஹோம்ல சேர்த்தாச்சு. சீக்கிரம் வாங்க தம்பி."

அவன் பத்மப்ரியாவிடம் போனான். இரண்டு மணி நேரம் போதும் என்றான். அவள் படிவத்தைத் திறந்தாள். ராஜினாமா கொடுக்கும்போது அவனே எழுதியிருந்த தகவல் அதில் இருந்தது: மனைவி, ஐந்து மாதம்.

"இன்னிக்கு உங்களுக்கு எழுபத்தொண்ணுங்ணா. அஞ்சு மாசத்தோட எழுபத்தொரு நாள் கூட்டினா எட்டாவது மாசம் பாதிதான் வருது. எட்டாம் மாசத்துல எதுக்குங்ணா வலி வருது?"

"அது பூமியில வந்துருச்சும்மா."

"குறைமாசம்னு போட்டுக்கட்டுமாங்ணா? அப்பத்தான் சிஸ்டம் எடுத்துக்கும். ஆனா குறைமாசத்துக்கு டாக்டர் சர்டிஃபிகேட் வேணும். டாக்டரு நிறைமாசம்னுதானே குடுப்பாரு." அவள் உதட்டைக் கடித்தாள். அவள் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்தது. "எனக்கே கஷ்டமா இருக்குதுங்ணா."

வாசல் கதவு அட்டை இழுத்தால்தான் திறக்கும். அனுமதி இல்லாத நேரத்தில் நகரும் பொருளின் அட்டைக்குத் திறக்காது. பாலா தட்டின் முன் நின்று திரும்பியது கதவுக்கு வெளியே. நூர் உள்ளே இருந்தான். காவலாளியின் மேசைக்குப் போய் நர்ஸிங் ஹோமுக்குப் போன் செய்தான். பெண் குழந்தை, பிறந்து பத்து நிமிஷம் என்றார்கள். நர்ஸை அழைத்து, ரிசீவரைக் குழந்தையின் வலது காதில் வைக்கச் சொன்னான். அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் உருண்டது. யாரோ தெலுங்கில் திட்டினார்கள். பிறகு மூச்சுச் சத்தம் மாதிரி ஒன்று கேட்டது. அவன் மேசைக்கு அடியில் குனிந்து, வாயைக் கையால் மூடிக்கொண்டு, பாங்கு சொன்னான். திரும்பச் சொல்ல வேண்டிய வரிகளைத் திரும்பச் சொல்லி, முழுதாகச் சொன்னான். அவசரப்படவில்லை. காவலாளி தட்டிலிருந்த கடிகாரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். தன் காதில் எதுவும் விழாதது போல் இருந்தான்.

அந்தத் தொலைபேசியில் பேசுவது எல்லாம் தரத்துக்காகப் பதிவு செய்யப்படும். பதினைந்து நாள் கழித்துத் தரப் பிரிவிலிருந்து நூருக்கு அறிக்கை வந்தது.

'தொடக்க வாக்கியம் நான்கு முறை வந்துள்ளது. மூன்று தேவையற்றவை. அடுத்த நான்கு வாக்கியங்கள் இரண்டிரண்டு முறை வந்துள்ளன. தொடக்க வாக்கியம் இறுதியில் மேலும் இரு முறை ஒட்டப்பட்டுள்ளது. மொத்தம் ஒன்பது பிழைகள். அனுமதிக்கப்பட்ட அளவு பத்தாயிரம் எழுத்துக்கு ஒன்று. ஊழியரின் கப்பல் நேரத்திலிருந்து ஒரு நாள் கழிக்கப்படுகிறது.'

ஐந்து வருஷ வேலையில் அவன் ஒரே நாளில் விட்ட அதிகபட்சப் பிழை அது. அறிக்கையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். இர்பான் அதை வாங்கிப் படித்தான். விரல் விட்டு எண்ணினான்.

"ஹவ் மியா, ஆமா. ஒம்பதுதான். கரெக்டா எண்ணியிருக்கானுங்க," என்றான் கடைசியில்.

அபிட்ஸ் பாடப்புத்தக நிறுவனம் நவம்பர் வரை காத்திருந்துவிட்டு வேறு ஆள் எடுத்துக்கொண்டது. குழந்தைக்கு ரிஸ்வானா என்று பெயர் வைத்தார்கள். குப்புற விழுந்தாள், தவழ்ந்தாள், நடந்தாள். நூருக்கு அப்போது எழுபத்தொன்பது. மழலை பேசினாள், எண்பத்திரண்டு. எண்பத்தைந்து வந்தபோது அவளுக்கு இரண்டரை வயது.

அவன் தினமும் வீட்டுக்கு வந்தான். அதை இல்லை என்று சொல்ல முடியாது. காலையில் வருவான், சபீனா டிபன் டப்பாவோடு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பாள். இருவருக்கும் இருபது நிமிஷம். அதில் பால், காஸ், தண்ணீர் மோட்டார் பேசி முடிப்பார்கள். பிறகு ரிஸ்வானாவை உஷா வீட்டில் விட்டுவிட்டு அவள் போய்விடுவாள். அவன் ஒற்றை அறையின் குறுக்கே கட்டிய பச்சைத் திரைக்குப் பின்னால் படுப்பான். மாலையில் அவள் வருவதற்குள் கிளம்பிவிடுவான். ஞாயிற்றுக்கிழமைகளில் கப்பலுக்கு விடுமுறை. அன்று முழுக்க அவனுக்குக் கண் திறக்காது.

சபீனா ஒருமுறை சொன்னாள், "எங்க பெட்டியில வச்சா மாத்திரைக்கு ஆறு மாசத்துல ரெண்டு வருஷம் வயசாகுது. உங்களை அங்க வைக்கிறாங்க, ரெண்டு வருஷத்துல பதினஞ்சு நாள் ஆகுது. ஆனா தலைமுடி மட்டும் எங்க பெட்டிக் கணக்குல நரைக்குதே மச்சான், அது எப்படி?"

ரிஸ்வானாவிடம் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் வரும். உஷா வீட்டுப் பழக்கம், பிறகு பள்ளிக்கூடப் பழக்கம். அவள் முதலில் பேசிய முழு வாக்கியமும் தெலுங்குதான். திரைக்கு முன்னால் ஒரு பூனை வந்து கத்தியது. அவள் உதட்டில் விரல் வைத்துப் பூனையிடம் சொன்னாள்: "மெல்லகா. அத்தா பண்டுகுன்னாரு." மெதுவாக, அத்தா தூங்குகிறார் என்று அர்த்தம்; அவர்கள் வீட்டில் அப்பாவுக்கு அத்தா என்று பெயர். பிறகு வீட்டுக்கு வந்த எல்லோரிடமும் அதையே சொன்னாள். பால்காரனிடம், காஸ்காரனிடம், வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்தவரிடம். திரைக்குப் பின்னால் நூர் சில நாள் விழித்துக்கொண்டு கேட்டிருப்பான். எழுந்து வெளியே போனால் அவள் சொன்னது பொய்யாகிவிடும் என்று படுத்தே கிடப்பான்.

2009 மார்ச்சில் எண்பத்தொன்பது ஆனது. கடைசி ஒரு நாள். அந்த வாரம் கம்பெனியில் 'உங்கள் சகாவை அறியுங்கள்' என்று ஒரு விழா. ஒவ்வொருவரும் பக்கத்து இருக்கைக்காரரைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். 'சிறந்த நகரும் பொருள்' என்ற கேடயம் நூருக்கு மூன்றாவது முறையாகக் கிடைத்திருந்தது. இர்பான் ஒலிபெருக்கியைப் பிடித்தான்.

"இவரு பேரு நூர். எங்க பாஷையில நூர்னா ஒளி. ஒளியை யாரும் மிஞ்ச முடியாதுன்னு சார் சொல்றாரு. இங்க ஒளியே நாலு வருஷமா வாசல் தாண்டல. அப்புறம் யாரு அதை மிஞ்சுறது?"

சபை சிரித்தது. வைத்தியநாதன் மட்டும் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார். மறுநாள் நூரைக் கூப்பிட்டார். மேசையில் சொல்விளக்கத்தின் ஆறாம் பக்கம் விரித்திருந்தது.

"இவ்வளவு நாள் உங்களைத் தப்பான பிரிவுல வெச்சிருந்தோம். மன்னிக்கணும். நீங்க நகரும் பொருள் இல்லை. ஒளி. இங்க தெளிவாப் போட்டிருக்கு. ஒளிக்கு நேரமே ஓடாது. சைபர். அதனால உங்க கடிகாரத்தை நிறுத்தச் சொல்லிட்டேன்."

"சார், அது என் பேரு."

"பேரை நாங்க வெக்கலையே. உங்க அப்பா அம்மா வெச்சது. ஆவணத்துல இருக்கு."

"ஒரு நாள்தான் சார் பாக்கி."

"ஒளியோட கணக்குல ஒரு நாளும் ஒரு யுகமும் ஒண்ணுதான். யோசிச்சுப் பாத்தா நீங்க அதிர்ஷ்டசாலி. கிளம்பற நொடியும் சேர்ற நொடியும் உங்களுக்கு ஒண்ணே. உங்க பக்கத்துல இருந்து பாத்தா நீங்க என்னிக்கோ போயாச்சு. அதனால உங்களுக்குக் குறைன்னு ஒண்ணு இருக்க முடியாது. எங்க பக்கத்துல இருந்து பாத்தா இன்னும் இங்க இருக்கேள். அதனால எங்களுக்கும் குறை இல்லை."

அன்று ஆரஞ்சு வில்லையை வாங்கிக்கொண்டு மஞ்சள் வில்லை கொடுத்தார்கள். இர்பான் ஒரு மாதம் அவன் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. டீ வாங்கிக் கொடுப்பான், போய்விடுவான். எண்பத்தொன்பது என்ற எண் நூரின் திரையின் ஓரத்தில் சிவப்பாக நின்றது. 2009 முழுக்க நின்றது. 2010, 2011. அவன் குறி போட்டுக்கொண்டிருந்தான். கப்பல், பூமி, கப்பல், கப்பல், பூமி. பிழை இல்லை.

2012 ஏப்ரலில் சபீனாவின் கம்பெனி நாச்சாரம் தொழிற்சாலையை மூடி விசாகப்பட்டினத்துக்குப் போவதாக அறிவித்தது. ஜூன் முதல் தேதி அங்கே இருக்க வேண்டும். காலையின் இருபது நிமிஷத்தில் அவள் சொன்னாள்.

"மே இருபத்தொம்பது, காலை வண்டி. மூணு டிக்கெட் போட்டிருக்கேன். ரிஸ்வானாவுக்கு அங்க ஸ்கூல் பார்த்தாச்சு. நீங்க வந்தா வாங்க. வரலைன்னா அந்த ஸீட்டுல பெட்டியை வச்சுக்கிறோம்."

"சர்டிஃபிகேட் இல்லாம அங்க வந்து நான் என்ன வேலை பாப்பேன்?"

"அதை ஏழு வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கீங்க மச்சான். நானும் ஏழு வருஷமா பதில் சொல்லாம இருக்கேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. கெட்டுப்போன மாத்திரையைப் பற்றி மேலதிகாரிக்கு எழுதுகிற குரல். நூர் அன்று படுக்கவில்லை. அப்படியே உப்பலுக்குத் திரும்பிப்போய் மனிதவளத் துறை வாசலில் உட்கார்ந்தான். மறுநாளும் உட்கார்ந்தான். பத்மப்ரியா அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவளும் இரண்டு வருஷத்துக்கு முன்பு ராஜினாமா கொடுத்தவள்தான். எழுபத்து மூன்றில் இருந்தாள்.

அவன் உட்கார்ந்ததால் ஒன்றும் நடக்கவில்லை. அமெரிக்க வாடிக்கையாளர் தணிக்கைக்கு ஆள் அனுப்புவதாகச் சொன்னதால் நடந்தது. தணிக்கைக்காரர்கள் கேட்டு வாங்கிய பட்டியலில் ஒருவருக்கு நோட்டீஸ் காலம் ஏழு வருஷம் என்று வந்தது. வைத்தியநாதனுக்கு வியர்த்தது. மே இருபத்தெட்டாம் தேதி மாலை நூரை உள்ளே கூப்பிட்டார். மேசையில் பட்டத்தின் அசல், பிளாஸ்டிக் உறைக்குள் லேசாகப் பழுத்துக் கிடந்தது. பக்கத்தில் ஒரு கடிதம்.

"உங்க விஷயத்தை ஆழமா ஆராய்ஞ்சோம். ஒளிக்குக் கிளம்பற நொடியும் சேர்ற நொடியும் ஒண்ணுன்னு நானே உங்ககிட்ட சொல்லியிருக்கேன். அதைக் கொள்கையா ஏத்துண்டாச்சு. வாழ்த்துகள். நீங்க சுதந்திரமானவர்."

நூர் கடிதத்தைப் படிக்கவில்லை. முத்திரை இருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்தான். பீரோ திறந்திருந்தது. அடுக்கடுக்காகப் பட்டங்கள். மேலே பாலாவுடையது.

கடிதத்தின் அடியில் தானும் கையெழுத்துப் போட்டு, கூடக் கொடுத்த பதினான்கு படிவங்களிலும் மாடி மாடியாகக் கையெழுத்து வாங்கி முடிக்க விடிந்துவிட்டது. வாசலில் இர்பான் நின்றான். தட்டிலிருந்து நூரின் கைக்கடிகாரத்தைத் தேடி எடுத்து அவனே கட்டிவிட்டான். "ஜா மியா, போ. திரும்பிப் பாக்க நக்கோ, வேணாம்," என்றான். கடிகாரம் நின்று போயிருந்தது. அவன் அதை எடுத்துக் கட்டாமல் விட்டே வருஷங்கள் ஆகியிருந்தன; பாட்டரி எப்போதோ தீர்ந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு ஓடினான். பூட்டியிருந்தது. உஷா ஜன்னலில் இருந்து ஸ்டேஷன் என்று கை காட்டினாள். ஆட்டோ பிடித்துச் செகந்திராபாத் ஸ்டேஷனுக்குப் போய், படியேறி, இறங்கி, வண்டி நின்ற பிளாட்பாரத்தில் பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டே ஓடினான். மே மாத வெயில் காலை எட்டு மணிக்கே கண்ணில் அடித்தது. அவனுக்கு அந்த வெளிச்சம் பழக்கமில்லை. கண்ணீர் வழிந்தது.

எஸ் ஏழில் ஜன்னலோரம் சபீனா இருந்தாள். பக்கத்தில் ரிஸ்வானா. எதிர் இருக்கையில் பெட்டி இருந்தது. அவன் ஜன்னல் கம்பிக்குள் கையை நுழைத்துக் கடிதத்தை நீட்டினான்.

சபீனா வாங்கினாள். அவள் கண் முதலில் தேதிக்குப் போனது. ஒரு முறை படித்தாள். பிறகு கீழிருந்து மேலாக இன்னொரு முறை படித்தாள்.

"மச்சான்," என்றாள். "2005 ஜூன் பதினாலாம் தேதியே உங்களை விட்டுட்டதாப் போட்டிருக்கு. அன்னைக்குச் சாயந்திரத்தோட உங்களுக்கும் கம்பெனிக்கும் சம்பந்தமே இல்லையாம். அதுக்கப்புறம் நீங்க அந்தக் கட்டடத்துக்குள்ள கால் வைக்கலைன்னு உறுதி சொல்றாங்க. நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

அவன் கடிதத்தைத் திரும்ப வாங்கப் பார்த்தான். அவள் கொடுக்கவில்லை.

"இவ பிறக்கிறதுக்கு நாலு மாசம் முன்னாடி. அப்ப அந்த ஏழு வருஷம் நீங்க எங்க இருந்தீங்க?"

அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. ஆவணம் ஒன்று சொல்கிறது, அவள் நினைவு வேறொன்று சொல்கிறது, இரண்டில் ஒன்று தப்பு என்று கண்டுபிடிப்பவள் கேட்கிற மாதிரி கேட்டாள். நூர் யோசித்தான். கப்பல் என்று சொல்லலாம். காகிதப்படி அவன் கப்பலில் இல்லை. பூமி என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

வண்டி ஒரு குலுக்கலோடு நகர்ந்தது. அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தான். ரிஸ்வானா அதுவரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயிலில், கண் திறந்து, நின்ற நிலையில் அவனை அவ்வளவு கிட்டத்தில் அவள் பார்த்ததில்லை. பிறகு அம்மாவின் தோளைத் தொட்டாள். கேள்விக்குப் பதில் அவளுக்குத் தெரிந்திருந்தது. இத்தனை சுலபமானதை ஏன் கேட்கிறார்கள் என்பது போல், உதட்டில் விரல் வைத்து, மெதுவாகச் சொன்னாள்.

"அத்தா பண்டுகுன்னாரு அம்மா."

அதில் திருத்த ஒன்றும் இருக்கவில்லை.